பல் லேபில் எல்லோரும் கத்துகிறார்கள்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

முதலாளி பல் லேபை மூடிவிட்டார். மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறாராம். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன இனிமே யாருப்பா வச்சுக்குவாங்க?" என்று கண் கலங்கினார். ஆறுதல் சொல்ல வந்தவரே இப்படி என்றால், பயமுறுத்த வந்தவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

அவருடைய லேபின் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே ஊரில் பாதிப் பேருக்குப் பல் செட் செய்துவிட்டேன். தெருவில் எதிரே வந்து யாராவது சிரித்தால் ஆள் யாரென்று சத்தியமாகத் தெரியாது. பல் மட்டும் தெரியும். "நல்லா இருக்கியா?" என்று மனதுக்குள் பல்லைக் கேட்டுவிட்டு நடந்துவிடுவேன். அப்படிப்பட்டவன் நாற்பத்தாறு வயதில் முதல் முறையாக வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறேன், பார்த்துக்கொள்.

நீ இருக்கும் ஊரிலேயே ஒரு பெரிய லேபில் ஆள் எடுக்கிறார்களாம். விண்ணப்பத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசிப் பத்தியை மட்டும் பார். "எனக்கு ஆட்டிசம் உண்டு. பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டேன். சத்தம் அதிகமானால் கை ஓடாது. வேலையை ஒவ்வொன்றாகச் சொன்னால் ஒழுங்காகச் செய்வேன்." திரும்பப் படித்தால், பழைய சைக்கிள் விற்கிறவன் பிரேக் பிடிக்காது என்று முதலிலேயே சொல்லிவிடுகிற மாதிரி இருக்கிறது.

போன வருடம் அந்த டாக்டரம்மா சொன்னதிலிருந்து இந்த விஷயம் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். "இந்த வயசுலயா வரும்?" என்று நீ கேட்டாய், ஏதோ அம்மை போட்டது போல. பிறந்ததிலிருந்தே இருந்ததாம் அக்கா. பெயர் மட்டும்தான் தாமதமாக வந்தது. பெயர் தெரிந்ததில் எனக்கு நிம்மதி. நிம்மதியோடு கொஞ்சம் கூச்சமும். அந்த வார்த்தையை வெளியே சொல்ல வாயெடுத்தால், நாலு பேர் முன்னால் சட்டையைக் கழற்றச் சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது.

பத்தி இருக்கட்டுமா, எடுக்கட்டுமா? போனில் சொல்லாதே. போனில் நீ பேசினால் எல்லாம் கேட்கும், ஒன்றும் ஏறாது. கடிதம் என்றால் நாலு தடவை படித்து, திட்டுகிறாயா கொஞ்சுகிறாயா என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவேன்.

உன் தம்பி

---

பிப்ரவரி 11

தம்பிக்கு,

எடு.

நாலு தடவை படித்தாலும் இதில் வேறு அர்த்தம் கிடையாது. எடுத்துவிட்டு மறு வேலை பார்.

எங்கள் கம்பெனியில் வருகிற விண்ணப்பங்களைப் பிரித்து வைப்பதுதான் என் வேலை என்பது உனக்குத் தெரியும். நீ எழுதியிருப்பது போல எழுதி வருகிறவற்றை யாரும் கிழிப்பதில்லை, யாரும் தப்பாக ஒரு வார்த்தை பேசுவதும் இல்லை. "பார்க்கலாம்" என்று சொல்லி, மரியாதையாக ஒரு பக்கம் வைப்போம். அந்தப் பக்கத்துக்கு அப்புறம் யாரும் போவதில்லை. சில நாள் அப்படி எடுத்து வைக்கிற கை என்னுடையது. இதற்கு மேல் இதைப் பற்றி என்னிடம் கேட்காதே.

பல் செட் செய்ய யார் முகத்தைப் பார்க்க வேண்டும்? பல்லைப் பார்த்தால் போதாதா? வேலை கிடைக்கட்டும், பழகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். அந்த லேபின் மேலாளர் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவர், நல்ல மாதிரி. விசாரிக்க வேண்டுமானால் என்னை விசாரிக்கச் சொல்லி என் பெயரைப் போடு.

நீல சட்டை போட்டுக்கொண்டு போ. அந்தச் சட்டையில் துவைக்காத மாதிரி தெரியாது. முதல் பொத்தானையும் போட்டுக்கொள், கழுத்து நெறிக்கிறது என்று அங்கே வைத்துக் கழற்றாதே.

வீட்டில் உன் அத்தானிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நீயாகச் சொல்லிவைக்காதே.

அக்கா

---

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நீல சட்டை, முதல் பொத்தான், எல்லாம் உத்தரவுப்படி. நேர்காணல் அறைக்கு அடுத்த அறையில்தான் மெஷின்களுக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசர் இருக்கிறது. உன் பள்ளித் தோழி மேலாளரம்மா பேச ஆரம்பித்தார். அதுவும் பேச ஆரம்பித்தது. இரண்டில் எதைக் கவனிப்பது என்று என் மண்டை முடிவெடுப்பதற்குள் கேள்வி முடிந்துபோயிற்று. "கொஞ்சம் திரும்பச் சொல்றீங்களா?" என்றேன். திரும்பச் சொன்னார். திரும்பவும் திரும்பச் சொல்லச் சொன்னேன். பேச்சு முழுக்க நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய மேல்வரிசையை. வலது கோரைப்பல் கேப், அதாவது பல்லுறை போட்டது, யாரோ அவசரத்தில் செய்தது. அதைச் சொல்லாமல் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீ பெருமைப்படலாம்.

"எங்க லேப்ல எதுக்காகச் சேரணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். "பஸ் ஸ்டாப் பக்கத்துலயே இருக்குங்க" என்றேன். அது சரியான பதில் இல்லை என்பது வெளியே வந்து, அதே பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது புரிந்தது.

அப்புறம் கேட்டார்: "உங்ககிட்ட இருக்கற பலவீனம்னு எதைச் சொல்வீங்க?"

அந்த நொடி இருக்கிறதே அக்கா. நான் எடுத்துப் போட்ட பத்தி அப்படியே தொண்டையில் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, "படிக்கட்டுங்க, ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்கும்" என்றேன். சிரித்தார், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால், எதையோ திருடி இடுப்பில் செருகிக்கொண்டு வந்தவனின் முகம்.

இந்த அழகுக்கு வேலை கிடைக்காது என்று நினைத்தேன். கிடைத்துவிட்டது! ஒன்றாம் தேதி சேரச் சொல்லி நேற்றுக் கடிதம் வந்தது. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாம். எப்படிக் கொடுத்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரிகிறதா?

தங்குவதற்கு லேபிலிருந்து நாலு ஸ்டாப் தள்ளி ஒரு அறை பார்த்துவிட்டேன். நீ இருப்பது ஊரின் மறுகோடி என்பதால் கடிதத்தை விட்டுவிடாதே.

தம்பி

---

மார்ச் 2

தம்பிக்கு,

சந்தோஷம். எப்படிக் கிடைத்தது என்று ஆராயாதே, கிடைத்தது, அவ்வளவுதான்.

யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டு. கொஞ்சம் சத்தமாகப் பேசினார்கள் என்றால் பிரியத்தில் பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொள். மேலாளரிடம் என்னைப் பற்றி அதிகம் பேச்சுக் கொடுக்காதே.

ஞாயிற்றுக்கிழமை உன் அறையைப் பார்க்க வரலாம் என்றிருந்தேன், வர முடியாது. வேலை இருக்கிறது.

அக்கா

---

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த லேபில் எல்லோரும் கத்துகிறார்கள்.

சும்மா சொல்லவில்லை. பல் செட்டுக்கு மெழுகு வைக்கிற மெழுகுக்காரர் என் பக்கத்து மேஜை. காலையில் என் காதுக்குள் வாயை வைத்து, "வணக்கம் சார்! சாப்டாச்சா!" என்று ஒரு போடு போடுவார். கையில் இருக்கிற பல் எகிறிக் கூரைக்குப் போகும். கேப்புக்குப் பீங்கான் பூசுகிற பெண் கையை விசிறி, வாயைக் குகை மாதிரி அகலத் திறந்து, "அண்ணே! அச்சு! எங்க! இருக்கு!" என்று ஒவ்வொரு வார்த்தையாகப் பரிமாறுகிறது. மேலாளரம்மாவும் அப்படித்தான். போதாததற்கு எனக்கு இடம் கொடுத்திருப்பது கம்ப்ரசருக்கு ஒட்டின மேஜை. "இந்த இடம் யாருக்கும் ஆகறதில்ல, உங்களுக்குத் தொந்தரவு இருக்காதில்ல!" என்று முதுகில் தட்டினார். நீ தலையை ஆட்டச் சொல்லியிருந்தாய், ஆட்டினேன். சாயங்காலம் அறைக்கு வந்ததும் போர்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு தரையில் கிடக்கிறேன். சமைக்கத் தெம்பு இல்லை, ரொட்டியோடு சரி.

ஆனால் ஒன்று. என்னிடம்தான் கத்துகிறார்களே தவிர, தங்களுக்குள் பேசும்போது நான் இருப்பதையே பொருட்படுத்துவதில்லை. அத்தனையும் என் தலைக்கு மேலேயே பரிமாற்றம். பீங்கான் பெண்ணுக்கும் கொரியர்காரருக்கும் ஒரு இது. அவர் பார்சல் வாங்க வந்தால் அவள் கேப்பைத் தேடவே அரை மணி ஆகிறது. மெழுகுக்காரரின் மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டில் இருக்கிறார். மேலாளரம்மாவின் கோரைப்பல்லை அவசரத்தில் செய்த ஆள் மேலாளரம்மாவேதான்! உனக்கு இதெல்லாம் பிடிக்கும் என்று தெரியும், அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றியும் பேசினார்கள். "ஆளு உக்காந்திருக்காரு, உள்ள யாரும் இல்ல போலிருக்கு" என்றார் மெழுகுக்காரர், என் முழங்கைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு. பீங்கான் பெண், "பாவம் அண்ணே, விடுங்க" என்றது. நான் ஒரு கடைவாய்ப் பல்லை ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் ஏன் என்று நேற்றுதான் விளங்கியது. மேலாளரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "ஒண்ணும் வருத்தப்படாதீங்க! உங்க அக்கா எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்க! எங்களுக்கு அது ஒரு குறையே இல்ல!" என்று கத்தினார்.

அக்கா! நீ சொல்லிவிட்டாயா? என்னை எடுக்கச் சொல்லிவிட்டு, எனக்கே தெரியாமல் நீ சொல்லியிருக்கிறாய்! பஸ்ஸில் வரும்போது அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார், எனக்கும் காலை நீட்ட வசதியாயிற்று. என்னால் வாய் திறந்து சொல்ல முடியாததை எனக்காக ஒரு ஆள் சொல்லியிருக்கிறது. அதுவும் வீட்டுக்குள்ளேயே அதைப் பேசப் பயப்படுகிற நீ. உன்னைக் கோழை என்று மனதில் நினைத்திருக்கிறேன், மன்னித்துவிடு.

ஆட்டிசம் என்றால் கத்திப் பேச வேண்டும் என்று இவர்கள் எந்தப் புத்தகத்தில் படித்தார்கள் என்பதுதான் தெரியவில்லை. அது எனக்கு வேண்டியதற்கு நேர் எதிர் என்பதை மட்டும் நீயே ஒரு வார்த்தை அவரிடம் சொல்லிவிடேன். சொல்ல ஆரம்பித்தவள் நீதானே.

தம்பி

---

மார்ச் 26

தம்பி,

உன் கடிதத்தை ஆபீஸ் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். வெளியே ஒருத்தி கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

நான் சொல்லவில்லை.

நீ நேர்காணலுக்குப் போய் வந்த மறுநாள் உன் மேலாளர் எனக்குப் போன் செய்தார். மதியச் சாப்பாட்டு நேரம். மேஜையைச் சுற்றி என்னோடு வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும். "கோவிச்சுக்காதீங்க, உங்க தம்பிக்கு ஏதாவது பிரச்சனையா? கேள்வி கேட்டா திரும்பத் திரும்பக் கேக்கறாரு, முகத்தப் பாக்கல, வாயவே பாக்கறாரு" என்றார். சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தேன். இதை நீ நம்ப வேண்டும். எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. "காது கொஞ்சம் மந்தம்" என்று சொல்லிவிட்டேன்.

"அவ்வளவுதானா? எங்க மாமனாருக்கும் அப்படித்தான்!" என்று அவர் நிம்மதியாகச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். சொன்ன பொய்யை விட அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்க விடவில்லை. உனக்கு இருப்பதைச் சொல்லக் கூசியது, இல்லாததைச் சொல்லக் கூசவில்லை. காது மந்தம் என்றால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள் என்று அந்தச் சமயத்தில் எனக்கே தோன்றியது. அப்படியானால் மற்றதற்கு என்ன நினைப்பார்கள் என்று நான் பயந்தேன் என்று நீ கேட்பாய்.

கம்ப்ரசர் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அது நான் உட்கார வைத்த இடம்.

நானே அவருக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிடட்டுமா?

அக்கா

---

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நீ போனைத் தொடாதே. இதுவரை செய்தது போதும்.

கடிதத்தை வழக்கம்போல நாலு தடவை படிக்கவில்லை. இந்தத் தடவை ஒரு தடவையே போதுமாயிருந்தது.

நான் உனக்கு நன்றி சொல்லி எழுதியதை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. பஸ்ஸில் அழுததை அந்த ஆளிடமிருந்து திரும்ப வாங்க முடியாது. அவர் வேறு இடத்துக்குப் போனதுதான் மிச்சம்.

உன்னுடைய தேர்வைப் பாராட்டத்தான் வேண்டும். காது மந்தமானவனாக இருப்பது எவ்வளவு சௌகரியம் தெரியுமா? யாராவது கூப்பிட்டால் திரும்ப வேண்டாம். ஒரு பேச்சுக்குப் பதில் பேச்சு தேட வேண்டாம். "பாவம்" என்கிறார்கள், டீயைக் கையிலேயே கொண்டுவந்து தருகிறார்கள். ஆட்டிசத்துக்கு யாரும் டீ கொண்டுவந்து கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இப்படியே செவிடனாகக் காலத்தை ஓட்டிவிடலாமா என்று இரண்டு நாள் உண்மையாகவே யோசித்தேன். அந்தக் கேவலத்தையும் உன்னிடமே சொல்கிறேன்.

ஆனால் இன்று பீங்கான் பெண் மெழுகுக்காரரிடம் ஒரு விஷயம் சொல்லி அழுதது, என் மேஜைக்கு எதிரில், எனக்குக் கேட்காது என்று நம்பி. போன வாரம்வரை காதில் விழுந்தது என் குற்றமில்லை. இன்று, என்னைச் செவிடு என்று நினைத்துத்தான் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பிறர் வீட்டு ஜன்னலில் நிற்கிறவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இதற்கு முன்னால் ஊர்க்கதை என்று உனக்கு எழுதினேனே, அதையெல்லாம் மறந்துவிடு. மறக்க முடியாவிட்டால் வாயையாவது மூடிக்கொள்.

சொன்னால் வேலை போகும். மூன்று மாதம் முடியவில்லை, அனுப்பிவிட ஒரு காரணம்கூட வேண்டாம். இதில் காரணம் வேறு ரெடி: அக்காவும் தம்பியும் சேர்ந்து ஏமாற்றிவிட்டார்கள். சொல்லாவிட்டால் கம்ப்ரசர் என்னைத் தின்றுவிடும். கை ஓடவே மாட்டேன் என்கிறது அக்கா. நேற்று ஒரு பல் செட்டை உடைத்தேன். உடைந்த சத்தம் கேட்டு நான் காதைப் பொத்திக்கொண்டேன். நல்ல வேளை, யாரும் பார்க்கவில்லை.

தம்பி

---

ஏப்ரல் 7

தம்பிக்கு,

நான் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரே ஒரு இடத்தில் திறந்தேன்.

நேற்றுச் சாப்பிடும்போது உன் அத்தானிடம் சொன்னேன். காது விஷயம், போன் விஷயம், டாக்டரம்மா சொன்னது எல்லாம். கை கழுவாமல் அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "இத சொல்லவா இவ்வளவு நாள் முழுங்கிட்டு இருந்த? நம்ம கல்யாணத்தன்னிக்கே எனக்குத் தெரியுமே. எல்லாரும் போட்டோவுக்கு நிக்கறாங்க, உன் தம்பி சாமான் ரூம்ல உக்காந்து கரண்டிய எல்லாம் சைஸ் வாரியா அடுக்கிட்டிருந்தான். பேரு என்னன்னு தெரியாது, அவ்வளவுதான்" என்றார். யாரிடம் மறைப்பதற்காக ஒரு வருடமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேனோ, அந்த ஆள் மோரை ஊற்றிக்கொண்டு அடுத்த வாய் சாப்பிட்டார். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் சாதாரணமாக எடுத்துக்கொண்டதால் நான் செய்தது சின்னதாகிவிடாது. அது எனக்குத் தெரியும்.

என்ன செய்யப்போகிறாய் என்று கேட்க மாட்டேன். சொல்லுவதாக இருந்தால் பொய் என்னுடையது, உனக்குத் தெரியாமல் சொன்னது என்று என் பெயரைச் சொல்லியே சொல். காப்பாற்றிப் பேசாதே. வேலை போனால் இங்கே வந்துவிடு. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, அமைதியாகவும் இருக்கும்.

அக்கா

---

ஏப்ரல் 21

அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். தைரியமாகச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தாங்க முடியாமல் சொன்னேன்.

போன செவ்வாய்க்கிழமை கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கிறது, பிளாஸ்டர் அரைக்கிற மெஷினும் ஓடுகிறது, மேலாளரம்மா பின்னாலிருந்து வந்து என் காதுக்குள், "அந்த கீழ் செட்டு! முடிஞ்சுதா!" என்றார். நான் எழுந்து நின்று இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு, "எனக்குக் காது கேக்கும்! எல்லாமே கேக்கும்! ரொம்பக் கேக்கும்!" என்றேன். நானும் கத்தித்தான் சொன்னேன். அந்த லேபில் கத்தாமல் இருந்தவன் நான் ஒருவன்தான், அந்தக் கௌரவமும் போயிற்று.

யாரோ கம்ப்ரசரை நிறுத்தினார்கள்.

அதன் பிறகு விழுந்த அமைதியை எப்படி எழுதுவது? எனக்கு முகம் படிக்கத் தெரியாது என்று நீ சொல்வாய். அன்றைக்குப் படிக்கத் தெரிந்தது. ஒவ்வொருவரும் என் எதிரில் என்னவெல்லாம் பேசினோம் என்று முதல் நாளிலிருந்து எண்ணிப் பார்க்கிறார்கள். பீங்கான் பெண்ணின் கழுத்து முழுக்கச் சிவந்துவிட்டது. மெழுகுக்காரர் அணைந்துபோன மெழுகு அடுப்பையே திரும்பத் திரும்ப அணைத்துக்கொண்டிருந்தார். மேலாளரம்மாவின் கை தானாகப் போய்க் கோரைப்பல்லை மறைத்தது. வெட்கப்பட வேண்டியவன் நான் என்று நினைத்துத்தான் எழுந்தேன். அறை முழுக்க ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டு நின்றார்கள்.

மேலாளரம்மாவுடைய அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். நீ சொல்லச் சொன்னபடி உன் பெயரைச் சொன்னேன். காப்பாற்றவில்லை. "உங்க அக்கா எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே" என்றார். "அவளுக்கு வெக்கமா இருந்திருக்கு" என்றேன். "உங்களுக்கு?" "எனக்கும்தான்" என்றேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இந்த மாதிரி இருக்கறவங்களுக்கு ஏதாவது அபூர்வத் திறமை இருக்கும்பாங்களே? கணக்கு, தேதி, அந்த மாதிரி?" என்று கேட்டார். கேட்ட குரலில் ஒரு நப்பாசை இருந்தது. "இல்லீங்க. பஸ்ல ஏறினா குடைய விட்டுட்டு வந்துடுவேன்" என்றேன். அவருக்கு ஏமாற்றம்தான்.

அவர் தீர்மானம் இது: இருக்கலாம், ஆனால் மூன்று மாதம் மறுபடி முதலிலிருந்து. உன் போனை மட்டும் இனி எடுக்க மாட்டாராம். மேஜையைப் பழைய அச்சுகள் அடுக்கி வைத்திருக்கிற பின்னறைக்கு மாற்றிவிட்டார்கள். கதவு உண்டு, சத்தம் வராது. நான் கேட்டிருந்தால் இதைத்தான் கேட்டிருப்பேன்.

இது சலுகையா தண்டனையா என்று தெரியாமல் ஒரு வாரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. நடையில் என்னைக் கண்டால் பேச்சு நிற்கிறது. மெதுவாக வணக்கம் சொல்லிவிட்டுச் சுவரோடு ஒட்டிப் போகிறார்கள். என் கை பழையபடி ஓடுகிறது. அதைச் சொல்ல ஆள் இல்லை.

இன்று மதியம் கதவைத் தட்டிவிட்டு மெழுகுக்காரர் உள்ளே வந்தார். டீ கொண்டுவரவில்லை. உட்காரவும் இல்லை. ஒரு அச்சை எடுத்துத் தூசி தட்டி வைத்தார். "அன்னிக்கு நான் உங்களப் பத்தி ஒண்ணு சொன்னேனே..." என்றார்.

"கேட்டுச்சு" என்றேன்.

"ம்" என்றார். வாசலுக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, திரும்பி வந்தார். ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "வீட்டு விஷயம். உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார்.

என்ன சொன்னார் என்று கேட்டு எழுதாதே. சொல்ல மாட்டேன்.

தம்பி